வாய்க்கு வைத்த நோன்பு

அருள்நாதன் மதலேனம்மாள் (1953–2023). பிறந்த ஊர் காத்திவாக்கம். வாழ்ந்த ஊர் ராயபுரம். தொழில், காசிமேட்டில் இறால் உரித்தல்.

பத்தொன்பதாம் வயதில், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையிலிருந்த அருள்நாதனுக்கு வாழ்க்கைப்பட்டு, கோயிலுக்குப் பின்புறமுள்ள சந்தில் ஓர் அறை வீட்டுக்கு வந்தார். கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார். அருள்நாதன் கூலி வாங்கும் நாள்களில் குடிப்பார், மற்ற நாள்களில் நல்லவர். 2011இல் அவர் காலமானார். ஒரே மகன் ஒரகடத்தில் வேலை கிடைத்து அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான். இவற்றில் சொல்லிக்கொள்ளும்படியான செய்தி ஒன்றுமில்லை. மதலேனம்மாளை அந்தச் சந்து முழுவதும் அறிந்திருந்ததற்குக் காரணம் வேறு. அவர் யாரைப் பற்றியும் குறை பேசமாட்டார்.

அது பிறவிக் குணம் அன்று. இறால் உரிக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து, ஐஸ் கலந்த தண்ணீரில் கையைவிட்டு, தலையைக் கிள்ளி ஓட்டை உரிக்க வேண்டும். சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். அந்தக் குளிருக்குப் பேச்சு ஒன்றே சூடு. எந்த வீட்டு மருமகள் மாமியாரை என்ன சொன்னாள், எவன் எந்தக் கடையில் விழுந்து கிடந்தான், எவளுடைய கொலுசு எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் இறாலோடு சேர்த்து அங்கே உரித்தெடுப்பார்கள். அதில் மதலேனம்மாளை மிஞ்ச ஆளில்லை. ஒருவர் நடப்பது, கோயிலில் முட்டுக்கால் போடுவது, கடன் கேட்டு இளிப்பது எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவார். கொட்டகை குலுங்கிச் சிரிக்கும்.

1990ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று ஆண்டவர் சொன்ன பகுதியைப் பற்றிக் கோயிலில் பிரசங்கம் நடந்தது. மதலேனம்மாள் பாதி கேட்டார், பாதி தூங்கினார். மறுநாள் கொட்டகையில் பக்கத்தில் குந்தியிருந்த ஜஸீமா வம்பிழுத்தாள்.

"இன்னா மதலேனு, நோம்பு எப்படிப் போவுது?"

"போவுது. ஈஸ்டர் வரைக்கும் கறி கெடையாது."

"மாசத்துக்கு ஒருவாட்டி கறி எடுக்கிறவ நீ. அத்தையும் வுட்டுட்டேன்னு ஆண்டவராண்ட போயி பீத்திக்குவியா? மீனு மட்டும் துன்னலாமாம்! நாங்கல்லாம் நோம்புல பச்சத் தண்ணிகூட பல்லுல படவுட மாட்டோம்."

"அதுக்கு இன்னான்ற இப்போ?"

"வாய்க்கு ஒரு நோம்பு வையேன் பாக்கலாம். ஊருக் கதைய பேசாம ஒரே ஒரு நாளு இருந்துடுவியா நீ? வவுறு ஊதி செத்துருவ."

எல்லோரும் சிரித்தார்கள். மதலேனம்மாளும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது, முந்தின நாள் தூக்கத்தில் கேட்ட பிரசங்கத்தின் பாதி அவருக்கு முழுதாக விளங்கியது. அடுத்த நாள் காலையிலிருந்து அவர் யாரைப் பற்றியும் பேசவில்லை.

கறியை விடுவதைப் போல அது எளிதாக இல்லை. முதல் வாரம், எதிரே வருகிற ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டச் சொல்லி உடம்பு தினவெடுத்தது. கொட்டகையில் சிரிப்பு குறைந்தது. "அடியே ஜஸீமா, இன்னாத்த சொல்லித் தொலச்ச? நல்லா இருந்தவ ஊமக்கோழியா பூட்டா," என்று மற்றவர்கள் ஜஸீமாவைத் திட்டினார்கள். ஈஸ்டர் வந்தது. எல்லார் வீட்டிலும் கறி வெந்தது. "நோம்பு முடிஞ்சிச்சில்ல, பேசித் தொலடி," என்று ஜஸீமா கெஞ்சிப் பார்த்தாள். மதலேனம்மாள் வாயைத் திறந்தார், சொல்ல ஒன்றும் வரவில்லை. பேசாமல் இருப்பது பழகிவிட்டிருந்தது. பழகியதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வெளியே சொல்லமாட்டார் என்று தெரிந்ததும், அவரிடம் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. மாமியாரைப் பற்றி மருமகளும், மருமகளைப் பற்றி மாமியாரும், ஒருவர் போனதும் ஒருவராக வந்து கொட்டினார்கள். கேட்பதும் ஒரு வேலைதான் என்பதும், இறால் உரிப்பதைவிட அது அலுப்புத் தரும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, காதையும் சேத்து மூடியிருக்கலாம் நீரு," என்று முணுமுணுத்துவிட்டுப் படுப்பார்.

பங்கில் அன்பியங்கள் தொடங்கப்பட்டபோது, அதாவது வாரம் ஒரு வீடு என்று சந்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் ஏற்பாடு வந்தபோது, யாரைப் பொறுப்பாளராக வைத்தாலும் யாரேனும் முகத்தைத் தூக்கினார்கள். மதலேனம்மாளுக்கு மட்டும் எதிர்ப்பு இல்லை. அவரோடு சண்டை போட்டவர் ஒருவரும் இல்லாததால், அவர் கேட்காமலேயே அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதோடு இன்னொரு வேலையும் வந்தது. பெண் கேட்டு வருபவர்கள், மாப்பிள்ளை பார்க்க வருபவர்கள், குடும்பம் எப்படி என்று அன்பியப் பொறுப்பாளரிடம் விசாரிப்பது வழக்கம். மதலேனம்மாள் தமக்குத் தெரிந்த நல்லதைச் சொல்வார். மற்றதைச் சொல்லமாட்டார்.

2020இல் கொரோனா வந்தபோது சந்தில் முதலில் காய்ச்சல் கண்டது அவருக்குத்தான். மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். யார் யார் குறையையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருந்தாரோ அவர்கள் எல்லோரும் எதிர்ச்சாரியோடு ஒதுங்கி நடந்தார்கள். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பயம் எல்லோருக்கும் பொது. எதிர்வீட்டு ஜானட்டின் மகள் மெர்லின் மட்டும் நாள்தோறும் தகரத்துக்கு மேலே கஞ்சித் தூக்கை நீட்டினாள். "பெரீம்மா, தூக்க கழுவாம குடுத்தா நாளைக்கு கஞ்சி கெடையாது, சொல்ட்டேன்," என்று வெளியே நின்று மிரட்டுவாள். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. சாவியோ என்ற அவள் தகப்பன் குடித்துக் குடித்து முந்தின ஆண்டே போய்ச் சேர்ந்திருந்தார்.

பிறகு மெர்லின் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். 2023 கோடையில், மாலை வேளைகளில், மதலேனம்மாள் மருந்து வாங்கக் கல்மண்டபம் பக்கம் போகும்போது ஒரு காட்சியைக் கண்டார். ஓர் இளைஞனின் வண்டியிலிருந்து மெர்லின் இறங்குவாள். சந்துக்குள் வண்டி வராது. அங்கேயே இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, தனியாக வந்ததுபோல நடந்து வருவாள். ஒருமுறை அல்ல, பலமுறை. மதலேனம்மாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தாம் சொல்லவில்லை என்பதை அவர் மனம் நாள்தோறும் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருப்தியோடு வைத்துக்கொண்டது.

ஜூலை மாதத்தில் ஒரு பிற்பகல். திருவொற்றியூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஆசீர்வாதமும் அவர் மனைவி ஜெயக்கொடியும் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். மகன் ஜெரிக்கு மெர்லினைப் பார்த்துப் போயிருந்தார்கள், பிடித்துவிட்டது. உறுதி சொல்லுமுன் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். சந்து முனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஜெயவேல் அவர்களுக்கு வழிகாட்டியதோடு, பாராட்டாக ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பியிருந்தான்: "அந்தம்மா தங்கம் சார். நல்லது இருந்தா சொல்லும். கெட்டது இருந்தா வாயே தொறக்காது."

ஜெயக்கொடி பாயில் அமர்ந்து கேட்டாள். "அக்கா, நீங்க சின்னப் பிள்ளையிலேர்ந்து பாத்திருக்கிய. பொண்ணு எப்படி?"

மதலேனம்மாள் வாயெடுத்தார். அந்த நொடியில் கல்மண்டபத்து வண்டி கண்முன் வந்து நின்றது. நல்லது சொல்லி நாளை வேறாகிவிட்டால்? கெட்டது சொல்வதோ அவர் வழக்கமில்லை. முகத்தைத் திருப்பி, விசிறியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "யாரப் பத்தியும் பேசற பழக்கம் எனக்குக் கெடையாதுமா."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி வேண்டாம் என்று எழுந்தார்கள். மறுநாள் பெண்ணுக்குச் சாதகமான எல்லாவற்றையும் மறந்து, "இப்போதைக்கு அவசரமில்லை" என்று தரகர் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜெயவேலிடமிருந்து விவரம் அறிந்து ஜானட் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"யக்கா! எம் பொண்ண பத்தி இன்னா சொல்லி அனுப்பிச்ச?"

"ஒண்ணும் சொல்லலடி. சத்தியமா ஒரு வார்த்த சொல்லல."

"அத்தான் கேக்கறேன்! ஏன் சொல்லல? ஊரே சொல்லுது, மதலேனா வாயத் தொறக்கலைன்னா அங்க இன்னாமோ கீதுன்னு. நீ பேசிக் கெடுத்திருந்தா உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சண்ட போட்டிருப்பேன். பேசாமயே கெடுத்துட்டியே, உங்கூட நான் எப்பிடி சண்ட போடுவேன்?"

சொல்லிவிட்டு ஜானட் அழுதாள். மதலேனம்மாள் எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஜானட் அதை வாங்கவில்லை.

அன்று மாலை அவர் வீட்டிலிருந்த மாதா சுருவத்தின் முன்னே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். செபமாலை கையில் இருந்தது, உருளவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும், "யாரையும் கொற பேசல சாமி," என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற பாவங்களைச் சொல்வார். வாய் பேசவில்லை என்பது மெய். ஆனால் மெர்லின் வண்டியிலிருந்து இறங்கிய முதல் மாலையே, மனத்துக்குள் வழக்கு நடந்து தீர்ப்பும் முடிந்திருந்தது. கஞ்சித் தூக்கு அந்த வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. வாயை மூடியதைத் தவிர, 1990க்கு முன்னிருந்த மதலேனாவுக்கும் தமக்கும் வேறு வித்தியாசம் அவருக்குத் தென்படவில்லை. மிகவும் களைப்பாக இருந்தது. விட்டுவிடலாம், யாரும் இனி விசாரிக்க வராமல் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் மெர்லினின் வாழ்வு அந்தக் கதவுக்கு வெளியே நின்றது.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய மெர்லினைச் சந்திலேயே நிறுத்தினார்.

"உன்னப் பத்தி தப்பா நெனச்சிட்டேன்டா கண்ணு. கல்மண்டபத்தாண்ட வண்டிலேந்து எறங்கறத பாத்தேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஆனா மனசுல வெச்சிகினேன். அவங்க வந்து கேட்டப்போ அது மூஞ்சில வந்துடிச்சி. மன்னிச்சிரு."

மெர்லின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"பாத்தீங்க. அப்பவே கூப்ட்டு, யாருடி அதுன்னு கேட்டிருக்கலாம்ல? பொட்டிக்கட அம்மா கேட்டாங்க, அவங்களுக்கு பதில் சொன்னேன். அம்மா கேட்டாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். நீங்க ஒருத்தர்தான் கேக்கவேல்ல. நான்கூட நெனச்சேன், பெரீம்மா நம்மள தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அத்தான் கேக்கலன்னு."

"யாருமா அது? இப்போ சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"மெர்லினு..."

"சொல்ல மாட்டேன் பெரீம்மா. சொன்னா, ஓகோ அவனா, அப்ப நல்ல பொண்ணுதான்னு சொல்லுவீங்க. அவன் யாருன்னு தெரியாமயே என்னப் பத்தி நல்லது சொல்ல முடியுமா உங்களால? முடிஞ்சா போயி சொல்லுங்க. இல்லைன்னா வுட்டுடுங்க, எனக்கு பஸ்ஸு போவுது."

அவள் போய்விட்டாள். மதலேனம்மாள் அங்கேயே வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குப் பதில் சொல்லத் திருவொற்றியூர் வரை போக வேண்டியிருந்தது.

போனார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிற்க, பேருந்து ஊர்ந்தது. வெயிலும் டீசல் புகையும் சேர்ந்து தலை சுற்றியது. தேரடியில் இறங்கி, முழங்கால் வலிக்காக இரண்டு கடை வாசல்களில் உட்கார்ந்து எழுந்து, விசாரித்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆசீர்வாதம் கல்லாவில் இருந்தார். ஜெயக்கொடி பின்னறையிலிருந்து வந்து, அவரை அடையாளம் கண்டு, ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"பொண்ண பத்தி சொல்ல வந்தேன்மா," என்றார் மதலேனம்மாள்.

"யாரப் பத்தியும் பேசமாட்டியன்னுல்லா சொன்னிய?"

"கொற பேசமாட்டேன். அன்னிக்கி நல்லதையும் சேத்து முழுங்கிட்டேன். எனக்கு கொரோனா வந்தப்போ தகரம் அடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணுதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. எம் புள்ளகூட போன்லதான் பேசனான். அவ அப்பன் குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்தா இவதான் தூக்கியாருவா. ஒருநாளும் அவன வையல. இது நான் கண்ணால பாத்தது."

ஆசீர்வாதம் பேனாவை மூடி வைத்தார். ஜெயக்கொடி விடவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் அன்னைக்கி ஏன்க்கா மூஞ்சத் திருப்பினிய? என்னமோ ஒண்ணு பாத்திருக்கிய. மறைக்காதிய."

மதலேனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லலாம். பொய்யும் ஒரு பாவம்தான். உண்மையைச் சொன்னால், தம் மனத்தில் முளைத்தது இந்த வீட்டிலும் முளைக்கும்.

"பாத்தேன்மா," என்றார். "பாத்தது இத்துனூண்டு. மிச்சத்தெல்லாம் நானா ஜோடிச்சேன். அந்த ஜோடிச்சத உங்ககிட்ட குடுத்தா அது உங்க வூட்லயும் குந்திக்கும், எழும்பாது. அழுக்கு எம் மனசுல இருந்துச்சு, பொண்ணாண்ட இல்ல. உங்களுக்கு இன்னா கேக்கணுமோ அவளாண்டயே கேளுங்க. கேட்டா பதில் சொல்ற பொண்ணு அது. நாந்தான் கேக்கல."

ஜெயக்கொடி உள்ளே திரும்பி, "ஏலே, அக்காவுக்கு ஒரு டீ சொல்லு," என்றாள். ஆசீர்வாதம், "செபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்மா," என்றார். அதற்கு மேல் அவர்களிடமிருந்து அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு மதலேனம்மாள் பேருந்து ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்டு முழுவதும் ஒரு செய்தியும் இல்லை. ஜானட் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அன்பியச் செபத்துக்கும் வரவில்லை. மதலேனம்மாள் ஒவ்வொரு நாளும் செபித்தார். கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கையைவிட, வேறு செய்ய ஒன்றுமில்லை என்பதே அதற்குக் காரணம். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கொட்டகைப் பக்கம் போவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள், ஜெயக்கொடி தன் மகன் ஜெரியை அழைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்கு நேரே போய், மெர்லினை வெளியே அழைத்துப் பேசினாள் என்று சந்துக்குத் தெரியவந்தது. மெர்லின் என்ன சொன்னாள் என்பது அந்த மூவருக்கு மட்டுமே தெரியும். மறுவாரம் பூவும் பழமுமாக வந்து உறுதி செய்துவிட்டுப் போனார்கள். வெற்றிலைத் தட்டு வைக்கப்பட்ட அந்த வேளையில் சந்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மதலேனம்மாளுக்கு அழைப்பு வரவில்லை. அவர் தம் வாசலிலேயே நின்று பார்த்தார். ஜானட்டுக்கு அவர் திருவொற்றியூர் போய்வந்தது தெரியும். தெரிந்தும் மனம் இளகவில்லை. அது ஜானட்டின் உரிமை என்று மதலேனம்மாள் நினைத்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக, நினைப்பதற்கும் சொல்வதற்கும் இடையே அவருக்குள் எதுவும் முரண்படவில்லை.

அந்த இளைஞன் யார் என்று அவர் மெர்லினைத் திரும்பக் கேட்கவே இல்லை. ஒருமுறை மெர்லினே, "பெரீம்மா, இப்போ சொல்லட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "வேணாம்டா. கால் வலிக்குது, இந்த மாத்திரைய மட்டும் உடச்சிக் குடு," என்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மூன்று திருமண ஓலைகளில் முதலாவது கோயிலில் வாசிக்கப்பட்டது. ஜெரி, மெர்லின் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குத்தந்தை அறிவித்தார். வழக்கமான அறிவிப்புதான். இருந்தாலும் இரண்டொரு தலைகள் மதலேனம்மாள் பக்கம் திரும்பின. பூசை முடிந்து வெளியே வந்தவர், படி இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தார். சந்துப் பெண்கள் சிலர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"யக்கா, அந்தப் பொண்ணு விசயத்துல மெய்யாலுமே இன்னாக்கா நடந்துச்சு? யாரோ வண்டி, கிண்டின்னாங்களே?"

ஜூலை மாதத்து மதலேனம்மாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போயிருப்பார். எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. அதற்காக மட்டும் அவர் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

"ஓலை வாசிச்சது காதுல வுழுந்துச்சில்ல?" என்றார். "நல்ல பொண்ணுடி அது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளோதான். தெரியாதத நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் எங்கிட்ட கேக்காதீங்க."

பெண்கள் கலைந்தார்கள். சற்றுத் தள்ளி நின்றிருந்த ஜானட் அருகில் வந்து கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு மதலேனம்மாள் எழுந்தார். இருவரும் வீடுவரை சேர்ந்து நடந்தார்கள். அந்த வாரமே அவர் படுக்கையில் விழுந்தார். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் அவர் கோயிலுக்கு வரவில்லை. திருமணத்தைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை. பிறர் ஒருவரைப் பற்றி அவர் கடைசியாக வாய்திறந்து சொன்னது கோயில் படியில்தான்: 2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை.